கலைக்கு அரசு பணம் கொடுத்தால் ஏன் சண்டை வருகிறது?

1989 மே 18. அமெரிக்க செனட் சபையில் நியூயார்க் உறுப்பினர் அல்ஃபோன்ஸ் டி'அமாட்டோ எழுந்து, கையில் வைத்திருந்த ஒரு கண்காட்சிக் கையேட்டைக் கிழித்துப் போட்டார். அவருக்குக் கோபமூட்டியது அதிலிருந்த ஒரு புகைப்படம். ஆண்ட்ரெஸ் செரானோ என்ற கலைஞர் 1987இல் எடுத்தது. சிறுநீர் நிரப்பிய கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு சிறிய பிளாஸ்டிக் சிலுவையை மூழ்கவைத்து எடுத்த படம். விவரம் தெரியாமல் பார்த்தால் பொன்னிற ஒளியில் மிதக்கும் சிலுவையாகத்தான் தெரியும், அழகாகக்கூட இருக்கும். ஆனால் தலைப்பிலேயே சிறுநீர் என்ற சொல்லை அவர் வைத்துவிட்டார்.

மதநம்பிக்கையைச் சீண்டும் படங்கள் உலகத்துக்குப் புதிதல்ல. அன்றைய கோபத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. வட கரோலினாவில் இருக்கும் ஒரு கலை மையம் நடத்திய போட்டி வழியாக செரானோவுக்கு 15,000 டாலர் கிடைத்திருந்தது. அந்தக் கலை மையத்துக்கு மத்திய அரசின் நிறுவனம் ஒன்று பணம் கொடுத்திருந்தது. ஆக, சுற்றி வளைத்துப் பார்த்தால் அது வரிப்பணம். என் காசில் என் சாமியை இழிவுபடுத்துவதா என்று கேள்வி எழுந்துவிட்டது.

இந்தக் கேள்விக்குச் சட்டென்று ஒரு பதிலைச் சொல்லிவிட்டுப் போக முடியாது. உள்ளே நாலைந்து கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

முதல் கேள்வி: அரசு எதற்காகக் கலைக்குப் பணம் தர வேண்டும்? சோப்பு விற்கிறவர் நஷ்டப்பட்டால் கடையை மூடிவிட்டுப் போகிறார். நாடகம் போடுகிறவருக்கு மட்டும் என்ன தனிச் சலுகை?

1960களில் வில்லியம் பாமல், வில்லியம் போவன் என்ற இரண்டு அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் இதற்கு ஒரு நல்ல விளக்கம் கொடுத்தார்கள். பீத்தோவன் எழுதிய ஓர் இசைப்படைப்பை வாசிக்க அவர் காலத்தில் நான்கு பேரும் அரை மணி நேரமும் தேவைப்பட்டது என்றால், இன்றும் அதே நான்கு பேர், அதே அரை மணி நேரம்தான். துணி நெய்வதில் ஒரு ஆள் செய்யும் வேலை இந்த இருநூறு ஆண்டுகளில் பலமடங்கு பெருகிவிட்டது. கச்சேரியில் அது நடக்காது. மிருதங்கக்காரரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ராகத்தை இரண்டு மடங்கு வேகத்தில் பாடி முடித்து, 'உற்பத்தித்திறன் கூடிவிட்டது' என்று சொல்ல முடியுமா? ஆனால் வாசிப்பவருக்கும் மற்றவர்களைப் போல வீட்டு வாடகை ஏறுகிறது, சம்பளமும் ஏறியாக வேண்டும். எனவே நேரில் நிகழ்த்தும் கலைகளின் செலவு, மற்ற பொருட்களோடு ஒப்பிட்டால், கூடிக்கொண்டே போகும். ஒன்று டிக்கெட் விலையை ஏற்ற வேண்டும், இல்லையென்றால் வெளியிலிருந்து யாராவது தாங்க வேண்டும்.

இந்த வாதத்தில் ஓட்டை இல்லாமல் இல்லை. பாட்டைப் பதிவு செய்து கோடிப் பேருக்கு விற்கலாம், அங்கே உற்பத்தித்திறன் எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறது. என்றாலும் மேடை நாடகத்துக்கும் நடனத்துக்கும் அருங்காட்சியகத்துக்கும் அந்தக் கணக்கு இன்றும் பெரும்பாலும் பொருந்துகிறது. புதிதாக ஒன்றைச் செய்து பார்க்கிற கலைஞருக்கு இன்னொரு சிக்கல் கூடுதல்: அவருடைய வேலைக்கு இன்னும் வாங்குபவரே பிறந்திருக்க மாட்டார்.

எதிர்த்தரப்பைக் கலை தெரியாதவர்கள் என்று ஒதுக்கிவிடுவது சோம்பேறித்தனம். அவர்கள் சொல்வதிலும் கனம் இருக்கிறது. வரி என்பது விரும்பிக் கொடுப்பதல்ல, கட்டாயம். ஒருவர் அருவருக்கும் ஒன்றுக்கு அவர் பையிலிருந்தே எடுப்பது என்ன நியாயம்? அப்புறம், ஆப்பராவுக்கும் ஓவியக் கூடத்துக்கும் அதிகம் போகிறவர்கள் வசதியும் படிப்பும் உள்ளவர்கள். பேருந்து ஓட்டுகிறவரின் வரியில் வக்கீலின் மாலைப்பொழுதை மலிவாக்குகிறோமா? மூன்றாவது எதிர்ப்பு கலைஞர்களிடமிருந்தே வருகிறது. சோறு போடுகிற கையைப் பார்த்துக் குரைக்க எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்? அரசுப் பணம் கலையை வளர்ப்பதாகச் சொல்லிக்கொண்டே அதன் பல்லைப் பிடுங்கிவிடும் என்பது அவர்களுடைய கவலை.

அரசர்கள் கலைஞர்களுக்குக் கொடுத்த காலத்தில் இந்தச் சிக்கல் இந்த வடிவில் இல்லை. மன்னன் யானையைப் பரிசிலாகக் கொடுத்தான் என்றால் அது அவன் விருப்பம். அந்த யானையும் குடிமக்களின் வரியில்தான் வந்தது என்றாலும், கணக்குக் கேட்கக் குடிமக்களுக்கு ஒரு சபை கிடையாது. குடியாட்சி வந்த பிறகு கொடுக்கிற கை ஒன்று, பணத்தின் சொந்தக்காரர்கள் கோடிக்கணக்கானோர். அவர்களுக்குள் ஒரே ரசனை இருக்காது.

சரி, அப்படியானால் யார் தேர்ந்தெடுப்பது? சண்டைகள் எல்லாம் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கின்றன.

அமைச்சரோ அதிகாரியோ நேரடியாகத் தேர்ந்தெடுத்தால் வேண்டியவர்களுக்குத்தான் போகும் என்ற சந்தேகம் எழும். (நம்மூரில் விருதுப் பட்டியல் வெளியானதும் 'இவர் யாருடைய ஆள்?' என்று விசாரிக்கிறோமே, அதேதான்.) பிரான்ஸ் 1959இல் கலாச்சாரத்துக்கென்றே தனி அமைச்சகம் வைத்தது. அங்கே கலையை அரசின் வேலைகளில் ஒன்றாக வெளிப்படையாகவே பார்க்கிறார்கள். பிரிட்டன் வேறு வழியில் போனது. பொருளாதார அறிஞர் ஜான் மேனார்ட் கெய்ன்ஸ் முன்னின்று உருவாக்க, 1946இல் அங்கே கலை மன்றம் அமைந்தது. அரசு பணத்தை மொத்தமாக மன்றத்திடம் கொடுத்துவிடும். எந்த நாடகக் குழுவுக்கு எவ்வளவு என்பதை மன்றம் தீர்மானிக்கும். அமைச்சர் தலையிடக் கூடாது. இதை 'ஒரு கை தூரம்' என்ற கொள்கையாகச் சொல்வார்கள். கொடுப்பதை எட்ட நின்று கொடு என்பதுதான் சாரம்.

அமெரிக்கா இந்த விஷயத்தில் வெகுநாள் தயங்கியது. தயக்கத்துக்குக் காரணமான ஒரு பழைய அனுபவமும் உண்டு. 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையிழந்த நாடகக்காரர்களுக்காக ஒரு மத்திய நாடகத் திட்டத்தை அரசு 1935இல் தொடங்கியது. நாடெங்கும் நாடகங்கள் நடந்தன. திட்டத்துக்குள் கம்யூனிஸ்டுகள் புகுந்துவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டும் கூடவே வந்தது. 1938இல் திட்டத்தின் இயக்குநர் ஹாலி ஃப்ளானகனை நாடாளுமன்றக் குழு ஒன்று விசாரித்தது. அவர் எழுதிய ஒரு கட்டுரையில் கிறிஸ்டோபர் மார்லோவின் பெயர் அடிபட்டது. உடனே ஜோ ஸ்டார்ன்ஸ் என்ற உறுப்பினர், அந்த மார்லோ ஒரு கம்யூனிஸ்டா என்று கேட்டார். மார்லோ ஷேக்ஸ்பியர் காலத்து நாடக ஆசிரியர், 1593இல் இறந்தவர். அரங்கம் சிரித்தது. ஆனால் அடுத்த ஆண்டே நாடாளுமன்றம் அந்தத் திட்டத்துக்குப் பணத்தை நிறுத்தி இழுத்து மூடியது.

பிறகு 1965இல், லிண்டன் ஜான்சன் அதிபராக இருந்தபோது, கலைகளுக்கான தேசிய நிதியம் பிறந்தது. ஆங்கில முதலெழுத்துகளால் என்இஏ என்று அழைப்பார்கள். செனட்டில் கிழிபட்ட கையேட்டுக்குப் பின்னால் இருந்த நிறுவனம் இதுதான். 1965 சட்டத்திலேயே, பணம் பெறும் அமைப்புகளின் கொள்கையிலோ நிர்வாகத்திலோ அரசு கைவைக்கக் கூடாது என்று எழுதிவைத்தார்கள். வருகிற விண்ணப்பங்களை அந்தந்தத் துறையில் இருக்கும் கலைஞர்களும் வல்லுநர்களும் கொண்ட குழு பார்க்கும். அவர்கள் பரிந்துரை ஒரு தேசியக் கலைக் குழுவுக்குப் போகும். கடைசிக் கையெழுத்து தலைவருடையது. அந்தத் தலைவரை நியமிப்பவர் நாட்டின் அதிபர். கை தூரம் இருக்கத்தான் செய்தது, ஆனால் கை அவ்வளவு நீளமில்லை.

அமைப்புகளுக்குக் கொடுப்பதில் இன்னொரு விதியும் உண்டு. என்இஏ ஒரு டாலர் தந்தால், வாங்குகிற அமைப்பு குறைந்தது இன்னொரு டாலரை வேறெங்காவது திரட்ட வேண்டும். தொகை சின்னதாக இருந்தாலும் 'என்இஏ தந்திருக்கிறது' என்ற முத்திரை மற்ற கொடையாளிகளின் பையைத் திறக்கும். தொகையைவிட முத்திரைக்கு மதிப்பு அதிகம் என்று சொன்னாலும் தப்பில்லை. சண்டையும் பெரும்பாலும் முத்திரைக்காகத்தான் நடந்தது. கணக்கைப் பாருங்கள்: 1989இல் என்இஏவின் மொத்த நிதி சுமார் 16.9 கோடி டாலர். அன்றைய அமெரிக்க மக்கள்தொகையால் வகுத்தால் தலைக்கு 70 சென்ட்கூட வராது. செரானோ படத்தில் ஒரு ஆளின் பங்கு என்று பார்த்தால் அது காசு எண்ணிக்கையிலேயே சேராது.

செரானோ விவகாரம் ஓய்வதற்குள் அடுத்தது வெடித்தது. ராபர்ட் மேப்பிள்தார்ப் என்ற புகைப்படக் கலைஞர் 1989 மார்ச்சில் எய்ட்ஸ் நோயால் இறந்திருந்தார். அவருடைய படங்களின் கண்காட்சி ஒன்று ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது. சுமார் 175 படங்கள். பெரும்பாலும் பூக்கள், முகங்கள், உடல்கள். சில படங்கள் ஓரினச் சேர்க்கையாளர்களின் வன்மையான பாலுறவைக் காட்டியவை. கண்காட்சியைத் தொகுத்த ஃபிலடெல்ஃபியா கலைக்கூடத்துக்கு என்இஏ 30,000 டாலர் தந்திருந்தது. வாஷிங்டனில் கார்க்கரன் கலைக்கூடம் ஜூலை முதல் தேதி அதைத் திறப்பதாக இருந்தது. நாடாளுமன்றத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு வம்பை விலைக்கு வாங்குவானேன் என்று நினைத்தார்களோ என்னவோ, ஜூனிலேயே ரத்து செய்துவிட்டார்கள். எதிர்ப்பாளர்கள் சும்மா இருக்கவில்லை. ஒரு நாள் இரவு கார்க்கரன் கட்டடத்தின் முகப்பிலேயே மேப்பிள்தார்ப் படங்களை ஒளிவீசிக் காட்டினார்கள்.

நாடாளுமன்றத்தில் இந்தப் போரை முன்னின்று நடத்தியவர் ஜெஸ்ஸி ஹெல்ம்ஸ், செரானோவுக்குப் பணம் தந்த கலை மையம் இருக்கும் அதே வட கரோலினாவின் செனட் உறுப்பினர். ஆபாசமான, மதத்தை இழிவுபடுத்தும் படைப்புகளுக்குப் பணமே கூடாது என்று அவர் கொண்டுவந்த திருத்தத்தை செனட் ஏற்றது. இறுதிச் சட்டத்தில் அது நீர்த்துப்போனது. ஆனால் அந்த ஆண்டு நிதியில் சரியாக 45,000 டாலரை நாடாளுமன்றம் வெட்டியது. 15,000, 30,000, இரண்டையும் கூட்டிப் பாருங்கள். அபராதம் போட்டதுபோலத்தான்.

அடுத்த ஆண்டு சின்சினாட்டி நகரில் இதே மேப்பிள்தார்ப் கண்காட்சி திறந்தபோது, கலை மையத்தின் மீதும் அதன் இயக்குநர் டென்னிஸ் பேரி மீதும் ஆபாச வழக்கு பாய்ந்தது. மொத்தப் படங்களில் ஏழு மட்டும் குற்றச்சாட்டில் இருந்தன. 1990 அக்டோபரில் நடுவர் குழு எல்லோரையும் விடுவித்தது. அமெரிக்கச் சட்டப்படி ஒன்று ஆபாசம் என்று நிரூபிக்க வேண்டுமானால், அதில் குறிப்பிடத்தக்க கலை மதிப்பு எதுவும் இல்லை என்றும் காட்ட வேண்டும். அது முடியவில்லை.

புதிதாக இதைப் படிக்கிறவர்கள் இந்த இடத்தில் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். சின்சினாட்டி நீதிமன்றம் கேட்ட கேள்வி, 'இதைக் காட்டியது குற்றமா?' நாடாளுமன்றம் கேட்ட கேள்வி, 'இதற்கு நாம் பணம் தர வேண்டுமா?' முதலாவது தடை, இரண்டாவது மானியம். தடை கூடாது என்பதாலேயே மானியம் தந்தாக வேண்டும் என்று ஆகிவிடாது. என் புத்தகத்தை நூலகம் வாங்கவில்லை என்றால் என் பேச்சுரிமை பறிபோய்விட்டது என்று நான் சொல்ல முடியாது. அதே சமயம், எல்லோர் புத்தகங்களையும் வாங்கும் நூலகம் ஒரு குறிப்பிட்ட கருத்து இருக்கிற புத்தகங்களை மட்டும் தேடிப் பிடித்து ஒதுக்கினால்? அது வெறும் 'வாங்கவில்லை' அல்லவே. மானியத்துக்கும் தணிக்கைக்கும் நடுவில் இருக்கும் கோடு அங்கேதான் மங்குகிறது.

இந்தக் கோட்டைத் தேடித்தான் அடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1990இல் கேரன் ஃபின்லி, டிம் மில்லர், ஜான் ஃப்ளெக், ஹாலி ஹியூஸ் என்ற நான்கு தனிநபர் நிகழ்த்துகலைஞர்களுக்கு நிபுணர் குழு பணம் பரிந்துரைத்தது. என்இஏ தலைவர் ஜான் ஃப்ரான்மேயர் மறுத்துவிட்டார். ஃபின்லி பெண்கள் படும் வன்கொடுமையைப் பேசும்போது உடம்பில் சாக்லேட் பூசிக்கொண்டு நடித்தவர். மற்ற மூவரும் ஓரினச் சேர்க்கையாளர்கள், அந்த வாழ்க்கையை மேடையில் பேசியவர்கள். அதே ஆண்டு நாடாளுமன்றம் சட்டத்தில் ஒரு வாசகம் சேர்த்தது: கலைத் தரத்தைப் பார்க்கும்போது பொதுவான கண்ணியத்தையும், அமெரிக்க மக்களின் பல்வேறு நம்பிக்கைகளுக்கும் மதிப்பீடுகளுக்குமான மரியாதையையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். நால்வரும் வழக்குப் போட்டார்கள். மறுக்கப்பட்ட தொகை 1993இல் சமரசத்தில் அவர்களுக்குக் கிடைத்தது. அந்த ஒரு வாசகம் செல்லுமா என்ற கேள்வி மட்டும் தொடர்ந்தது.

1998இல் உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அந்த வாசகம் செல்லும் என்றது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய சாண்ட்ரா டே ஓ'கானர், அது கணக்கில் எடுத்துக்கொள்ளச் சொல்கிறதே தவிர எதையும் தடை செய்யவில்லை என்றார். ஆளைக் காயப்படுத்தாமல் கத்தியை உறையில் போட்ட தீர்ப்பு. தனியாக எழுதிய நீதிபதி ஸ்கேலியாவுக்கு அந்த மழுப்பல் பிடிக்கவில்லை. நடுத்தர வர்க்கத்தை அதிரவைக்கக் கலைஞர்களுக்கு முன்புபோலவே முழு உரிமை இருக்கிறது, அதே நடுத்தர வர்க்கத்திடம் வரி வாங்கி அந்தச் செலவை நடத்தும் கூடுதல் இன்பம்தான் இல்லை என்கிற பொருள்பட எழுதினார். மறுத்து எழுதிய ஒரே ஆள் டேவிட் சூட்டர். கருத்தைப் பார்த்துப் பாகுபடுத்துகிற சட்டம் இது, செல்லாது என்றார்.

தீர்ப்பு வருவதற்குள் உண்மையான மாற்றம் வேறு வழியில் நடந்து முடிந்திருந்தது. 1992இல் சுமார் 17.6 கோடி டாலராக இருந்த என்இஏ நிதி 1996இல் 10 கோடிக்குக் கீழே விழுந்தது. தனிக் கலைஞர்களுக்கு நேரடியாகப் பணம் தருவதும் நின்றது. எழுத்தாளர் நல்கைகள், மூத்த ஜாஸ் கலைஞர்களுக்கும் நாட்டார் கலைஞர்களுக்குமான கௌரவங்கள் போன்ற சிலவே தப்பின. இன்று நிதியில் பத்தில் நான்கு பங்கு மாநில, வட்டாரக் கலை அமைப்புகளுக்குப் போகிறது. மீதி பெரும்பாலும் நிறுவனங்களுக்கு. நிறுவனத்துக்கு வழக்கறிஞர் உண்டு, நிர்வாகக் குழு உண்டு, பயமும் உண்டு. எந்தப் படத்தையும் அரசு தடை செய்ய வேண்டிய அவசியமே இல்லை. கார்க்கரன் செய்ததைப்போல, அவர்களே முன்கூட்டியே ஒதுங்கிக்கொள்வார்கள்.

என் கருத்து இது. என் வரிப்பணம் எங்கே போகிறது என்று கேட்பவரைப் பிற்போக்காளர் என்று விரட்டுவது தவறு. கலைக்கு மொத்தத்தில் எவ்வளவு, எந்த ஊருக்கு எவ்வளவு, தேர்வுக் குழுவில் யார் யார் என்றெல்லாம் அவர் தாராளமாகக் கேட்கலாம், கேட்க வேண்டும். ஒவ்வொரு படமாக எடுத்துவைத்து ஓட்டுப் போட ஆரம்பித்தால்தான் சிக்கல். அப்படிப் போட்டால் வாஷிங்டனில் இருக்கும் வியட்நாம் போர் நினைவுச் சுவர் வந்திருக்குமா என்பது சந்தேகம். அதன் வடிவமைப்புப் போட்டிக்கு என்இஏ உதவியது. 1981இல் வென்றவர் மாயா லின், 21 வயது மாணவி. சிலையில்லை, கொடியில்லை, இறந்தவர்களின் பெயர்களைச் செதுக்கிய கறுப்புக் கல் மட்டும். போர்வீரர்களிலேயே சிலர் அதை அவமானச் சின்னம் என்றார்கள். இன்று அந்தப் பெயர்களைத் தடவிப் பார்க்கக் கூட்டம் வந்துகொண்டே இருக்கிறது.

இதில் பலரும் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. அமெரிக்காவில் அரசு கலைக்குச் செய்யும் பேருதவி என்இஏ வழியாக நடப்பதே இல்லை. அருங்காட்சியகத்துக்கு ஒருவர் நன்கொடை கொடுத்தால் அதை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். 2025 வரை, 37 சதவீத உச்ச வரி கட்டிய ஒரு கோடீஸ்வரர் 100 டாலர் கொடுத்தால், 37 டாலர் வரை அவருக்கு வரியில் மிச்சமானது. அதாவது அரசுக்கு வர வேண்டிய 37 டாலர் வராமல் போனது. அதுவும் பொதுப்பணம்தான். ஆனால் எங்கே கொடுப்பது என்று முடிவு செய்பவர் அந்த ஒருவர் மட்டுமே. நிபுணர் குழு கிடையாது, கண்ணியத்தைக் கணக்கில் எடுக்கச் சொல்லும் வாசகமும் கிடையாது. தொகை எந்த வரவு செலவுப் பட்டியலிலும் படத்தின் பெயரோடு வராததால் செனட்டில் யாருக்கும் கோபமும் வருவதில்லை.

1999இல் நியூயார்க்கில் இதே நாடகம் இன்னொரு முறை நடந்தது. புரூக்ளின் அருங்காட்சியகத்தில் கிறிஸ் ஒஃபிலி வரைந்த கன்னி மரியாள் ஓவியம். நைஜீரியப் பெற்றோருக்கு பிரிட்டனில் பிறந்த ஒஃபிலி கத்தோலிக்கராக வளர்ந்தவர். ஓவியத்தில் யானைச் சாணத்தை ஒட்டியிருந்தார். மேயர் ருடால்ஃப் ஜூலியானி கொதித்துப்போய், நகரம் ஆண்டுதோறும் தரும் சுமார் 70 லட்சம் டாலரை நிறுத்தப்போவதாகச் சொன்னார். கட்டடம் நகரத்துக்குச் சொந்தம் என்பதால் காலி செய்யச் சொல்லியும் வழக்குப் போட்டார். நீதிபதி நினா கெர்ஷன் அருங்காட்சியகத்தின் பக்கம் நின்றார். அந்தப் பணம் அந்த ஓவியத்துக்கென்று கொடுத்ததல்ல, பொதுவாக நடத்துவதற்குக் கொடுத்தது. அதை ஒரு கருத்துக்குத் தண்டனையாகப் பறிக்க முடியாது. முன்பு சொன்ன நூலக உதாரணத்தின் இரண்டாம் பாதி இதுதான்.

என்இஏவை அடியோடு மூடும் யோசனை 2017இல் டிரம்ப் அரசின் திட்டத்தில் வந்தது. நாடாளுமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை, 2024இல் நிதி 20.7 கோடி டாலராகவே உயர்ந்திருந்தது. 2025 மே மாதம் அதே யோசனை மறுபடி வந்தது. இந்த முறை பல அமைப்புகளுக்கு ஏற்கெனவே ஒப்புக்கொண்ட பணத்தையும் ரத்து செய்து மின்னஞ்சல்கள் போயின.

ஒஃபிலியின் ஓவியம் என்ன ஆயிற்று? 2018இல் அது நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஸ்டீவன் கோஹன் என்ற பெரும் பணக்கார முதலீட்டாளரின் நன்கொடை. அப்படிப்பட்ட நன்கொடைகளுக்கு அமெரிக்கச் சட்டத்தில் வரிக்கழிவு உண்டு. இந்த முறை செனட்டில் யாரும் கையேட்டைக் கிழிக்கவில்லை.